செட்டிநாட்டில் எடுத்த படம் செட்டிநாட்டுத் தியேட்டருக்கு ஏன் வருவதில்லை?

வெள்ளிக்கிழமை வெளியாகும் என்று காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் வரை போஸ்டர் ஒட்டிய படம், அன்று காலைக் காட்சிக்கு வராமல் போவது இப்போதெல்லாம் அடிக்கடி நடக்கிறது. ‘பைனான்ஸ் பிரச்னை’, ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடும். டிக்கெட் பதிவு செய்தவருக்குக் காரணம் தெரியாது. படத்தில் நடித்த உள்ளூர்க்காரருக்கும் தெரியாது. பல நேரம் இயக்குநருக்கே முந்தைய நாள் நள்ளிரவில்தான் தெரியவரும்.

கேமராவும் எடிட்டிங்கும் மலிந்த பிறகு படம் எடுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. அதை மக்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் கடினமாகியிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் எடுக்கும் சுயாதீனப் படத்தின் கதி, படப்பிடிப்புக்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது: பணம் எந்த வரிசையில் உள்ளே வரும், திரும்பும்போது யாருக்கு முதலில் போகும் என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில். செட்டிநாட்டை வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்கள் திரையில் ஓயாமல் வருகின்றன. இங்கிருந்து ஒருவர் சொந்தமாகப் படம் எடுத்து, அதை இங்கேயே ஓட்டி, போட்ட பணத்தை எடுப்பது மட்டும் அரிதாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை நடப்பது என்ன?

பிலிம் சுருள் இருந்த காலத்தில் படத்தின் மூலச்சுருளான நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்கான பிரதி (பிரிண்ட்) எடுக்கும் சென்னை லேபில் இருக்கும். கடன் கொடுத்த பைனான்சியருக்கு லேப் ஒரு கடிதம் கொடுத்திருக்கும்: ‘உங்கள் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் போட மாட்டோம்.’ இதற்கு லேப் லெட்டர் என்று பெயர். கடன் அடையாவிட்டால் பிரிண்ட் கிடையாது, படமும் கிடையாது.

இப்போது நெகட்டிவ் இல்லை, பூட்டு மட்டும் இருக்கிறது. படம் பூட்டிய டிஜிட்டல் கோப்பாகத் தியேட்டருக்குப் போகிறது. அதைத் திறக்க கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி வேண்டும். எந்தத் தியேட்டரின் எந்த சர்வரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓடலாம் என்பது அந்தச் சாவிக்குள்ளேயே இருக்கும். பைனான்சியர், பழைய விநியோகஸ்தர், சம்பள பாக்கி உள்ள நடிகர் என்று யாராவது ஆட்சேபம் எழுப்பினாலோ, நீதிமன்றத் தடை வாங்கினாலோ சாவி வெளியே போகாது. வியாழக்கிழமை இரவு பஞ்சாயத்து நடக்கும். பேச்சு முடிந்தால் மதியக் காட்சி உண்டு. முடியாவிட்டால் அடுத்த வாரம்.

கடன்காரர்கள் ஏன் கடைசி இரவு வரை காத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். அதற்கு முன் படத்திடம் பணம் இல்லை, அதற்குப் பின் அவர்களிடம் பிடி இல்லை. தயாரிப்பாளர் எதற்கும் சம்மதிக்கக்கூடிய ஒரே இரவு அதுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

1. அவுட்ரைட்: ஒரு ஏரியாவின், அதாவது ஒரு விநியோகப் பகுதியின், வெளியீட்டு உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தொகைக்கு விற்றுவிடுவது. பிறகு லாபமும் நஷ்டமும் வாங்கியவருக்கு.

2. எம்.ஜி., அதாவது மினிமம் கியாரண்டி: விநியோகஸ்தர் ஒரு தொகையை உறுதியாகக் கொடுத்துவிடுவார். வசூல் குறைந்தாலும் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. அதைத் தாண்டி வந்தால் தயாரிப்பாளருக்கும் பங்கு.

3. அட்வான்ஸ்: பார்வைக்கு எம்.ஜி. மாதிரியே இருக்கும். ஆனால் படம் ஓடாவிட்டால் திருப்பித் தர வேண்டும். தராத தொகை அந்தத் தயாரிப்பாளரின் அடுத்த படத்தின் மேல் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமைச் சண்டைகளில் கணிசமானவை போன படத்தின் கணக்குதான்.

4. கமிஷன்: விநியோகஸ்தர் சொந்தப் பணம் எதுவும் போடாமல் படத்தை ஓட்டிக்கொடுத்து, வரும் பங்கில் ஒரு விகிதத்தை எடுத்துக்கொள்வது. பெயர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்குப் பெரும்பாலும் இதுதான் வாய்க்கும்.

5. கிராஸ், நெட், ஷேர்: தியேட்டரில் விழும் மொத்தப் பணம் கிராஸ். வரி போனால் நெட். தியேட்டரின் பங்கும் போனபின் மிஞ்சுவது ஷேர். விளம்பரங்களில் கோடி கோடியாக வருவது கிராஸ். தயாரிப்பாளர் வீட்டில் அடுப்பெரிவது ஷேரில்.

வட்டி எப்படிப் படத்தைத் தின்கிறது

சினிமாவுக்கு மத்திய அரசு 1998-ல் தொழில்துறை அந்தஸ்து கொடுத்தது. அதனால் வங்கிக் கடன் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கு ஓரளவு வந்தது. சிறிய தயாரிப்பாளருக்கு ஈடு காட்ட வீடு, நிலம் தவிர எதுவும் இல்லை. முடியாத படத்தை வங்கி ஈடாக ஏற்பதில்லை. ஆகவே அவர் தனியார் பைனான்சியரிடம்தான் போகிறார். அங்கே மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பது சாதாரணமாகப் புழங்கும் வட்டி.

வட்டிக் கணக்கு இந்த மண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து லேவாதேவி நடத்திய ஊர்கள் இவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. ஆனாலும் இங்கிருந்து போய்ப் படம் எடுக்கும் இளைஞர்கள் வட்டியை ஒரு செலவாகப் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. இதைத்தான் நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

1. படத்தின் செலவு 1 கோடி. அதில் 40 லட்சம் சொந்தப் பணம், 60 லட்சம் கடன், மாதம் 3 வட்டி.

2. மாத வட்டி 1.80 லட்சம். கடன் வாங்கியதிலிருந்து வெளியீடு வரை 18 மாதம் என்றால் வட்டி மட்டும் 32.40 லட்சம்.

3. போஸ்டர், விளம்பரம், தியேட்டரில் டிஜிட்டலாகத் திரையிடுவதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்து வெளியீட்டுச் செலவு 40 லட்சம். ஆக மொத்தம் 1.72 கோடிக்குச் சற்று மேல்.

4. வரி போக ஒரு டிக்கெட்டுக்கு 100 ரூபாய் என்று கொள்வோம். தியேட்டருக்குப் பாதி, 50. மீதி ஐம்பதில் விநியோகஸ்தர் கமிஷன் பத்து சதவீதம், அதாவது 5. தயாரிப்பாளருக்கு 45.

5. 1.72 கோடியை 45 ரூபாயாகச் சேர்க்க சுமார் 3.83 லட்சம் டிக்கெட் விற்க வேண்டும்.

400 இருக்கை உள்ள தியேட்டரில் இது சுமார் 960 ஹவுஸ்ஃபுல் காட்சிகள். 80 தியேட்டரில் தினம் நான்கு காட்சி கிடைத்து எல்லாம் நிரம்பினால் மூன்றே நாள்தான், கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் சிறிய படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் காலை 11 மணிக் காட்சி ஒன்றுதான். அப்போது அதே வசூலுக்கு 12 நாள் ஹவுஸ்ஃபுல் வேண்டும். கால்வாசி இருக்கை மட்டும் நிரம்பினால் 48 நாள். எந்தத் தியேட்டரும் ஒரு சிறிய படத்துக்கு 48 நாள் தராது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்துவிடும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு மேலான டிக்கெட்டுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி இதற்கு மேல் தனி. தியேட்டர் டிஜிட்டல் கட்டணமும் சிறிய செலவு அல்ல. 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை வெளியிடாமல் வாரக்கணக்கில் நிறுத்தியதற்கு அந்தக் கட்டணம்தான் முதல் காரணம்.

வீட்டை வாடகைக்கு எடுப்பதில் உள்ள சங்கதி

இப்போது செட்டிநாட்டுக்கு வருவோம். முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், பட்டாலை, இரண்டாங்கட்டு என்று அடுக்கடுக்காகப் போகும் வீடு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்பு மெருகுச் சுவர். செட் போட்டால் இதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நாள் வாடகை ஒன்றுமே இல்லை. அதனால்தான் கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி வீடுகளை நோக்கிப் படக்குழுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம், இந்த வீடுகள் பெரும்பாலும் ஒருவர் சொத்து அல்ல என்பது. தலைமுறை தலைமுறையாக மகன்களுக்குள் பங்கு பிரிந்து, வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாக இருக்கும். முகப்பும் வளவும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அவர்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். சாவி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம். அவரிடமோ ஒரு பங்காளியிடமோ மட்டும் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு இறங்கினால், பாதிப் படப்பிடிப்பில் இன்னொரு பங்காளி தொலைபேசியில் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல எல்லா உரிமையும் உண்டு. பெரிய நிறுவனம் அன்றே வேறு வீட்டுக்குப் போய்விடும். சிறிய படத்துக்கு ஒரு நாள் நின்றாலே மூச்சு நின்ற மாதிரி.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்:

1. பொது இடத்தைப் பயன்படுத்த எல்லாப் பங்காளிகளின் எழுத்துப்பூர்வச் சம்மதம், அல்லது ஒருவருக்கு அவர்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம்.

2. எந்தக் கட்டு வரை போகலாம், சாமி அறையும் பூட்டிய அறைகளும் எப்படி விலக்கப்படும் என்ற வரையறை.

3. சேதத்துக்கு முன்வைப்புத் தொகை. டிராலி தண்டவாளமும் லைட் ஸ்டாண்டும் ஆத்தங்குடிக் கல்லில் கீறல் போட்டால், பழைய வடிவத்தில் அதே கல் கிடைக்காது. அந்தச் சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

4. வீட்டுத் தோற்றத்தை டிரெய்லர், போஸ்டர், ஓடிடி எல்லாவற்றிலும் காட்டும் அனுமதி.

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பராமரிக்க முடியாமல் இடித்து, தூண் தூணாக விற்கப்பட்ட வீடுகள் ஏராளம். படப்பிடிப்பு வாடகை சில வீடுகளின் கூரையைக் காப்பாற்றுகிறது. அந்த வகையில் சினிமா இங்கே நல்லதும் செய்கிறது. அதை மறுக்க மாட்டேன்.

மற்றபடி, செலவாகும் பணத்தில் எவ்வளவு இங்கே தங்குகிறது? வாடகை, சாப்பாடு, விடுதி, வண்டி, துணை நடிகர் கூலி, முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து வாடகைக்குப் போகும் பெட்டகமும் விளக்கும், அவ்வளவுதான். கேமரா, லைட், ஜெனரேட்டர், அவுட்டோர் யூனிட், தொழிலாளர்கள் எல்லாம் சென்னையிலிருந்து பேட்டாவோடு வருகிறார்கள். எடிட்டிங், ஒலிச்சேர்க்கை, கிராபிக்ஸ் சென்னையிலேயே நடக்கும். உரிமை விற்கும்போது வரும் பணத்தில் ஊருக்குப் பங்கே கிடையாது.

விலங்குகள் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பக்கத்து ஊர்க்காரர் கதை எழுதினால் காளை வராமல் இருக்காது. காளையை நடிக்க வைப்பதற்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் தணிக்கை வாரியத்துக்குப் போனால் அந்தக் காட்சிகள் சிக்கலாகும். எடுத்து முடித்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது.

இரண்டு ஏரியாவுக்கு நடுவில் ஒரு நாடு

தமிழ்நாட்டுத் திரை வியாபாரம் இன்னும் பழைய மாவட்டங்களின் வரைபடத்திலேயே நடக்கிறது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட-தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி. பேச்சில் திருச்சி-தஞ்சை டி.டி., மதுரை-ராமநாதபுரம் எம்.ஆர்.

செட்டிநாட்டு ஊர்கள் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களில் கிடக்கின்றன. சிவகங்கை 1985-ல் பழைய ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது; ஆகவே காரைக்குடியும் தேவகோட்டையும் எம்.ஆர். ஏரியா. புதுக்கோட்டை 1974-ல் திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து உருவானது. ஆகவே ராயவரம், ராங்கியம், பொன்னமராவதி பக்கம் டி.டி. ஒரே கோவில் உறவும் கொள்வினை கொடுப்பினையும் உள்ள ஊர்கள், சினிமா வியாபாரத்தில் இரண்டு விநியோகஸ்தரின் கையில்.

விளைவு இதுதான். இந்த மண்ணின் கதைக்கு இங்கே கூட்டம் வரும் என்று நம்பி வெளியிட நினைப்பவர் இரண்டு பேரிடம் பேச வேண்டும். எம்.ஆர். விநியோகஸ்தருக்கு மதுரைதான் முக்கியம். டி.டி.க்காரருக்குத் திருச்சி. செட்டிநாடு இருவருக்கும் ஓரம். ஓரத்து ஊருக்காக யாரும் விளம்பரச் செலவு செய்ய மாட்டார்கள். அதோடு தனித் திரையரங்குகள் கல்யாண மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் மாறிவருகின்றன. மிஞ்சிய திரைகளைப் பெரிய படங்கள் முன்கூட்டியே பிடித்துவிடுகின்றன.

ஒருகாலத்தில் இங்கே ஒரு ஸ்டுடியோ இருந்தது

இப்போது நிலைமை இப்படி என்பதால் எப்போதும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன், உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் சென்னையிலிருந்து ஊர் திரும்பி, காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்தார். ‘நாம் இருவர்’ 1947-ல் அங்கிருந்துதான் வந்தது. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஊரிலேயே தங்கி வேலை செய்தார்கள். 1948-ல் ஸ்டுடியோ சென்னைக்குப் போனது.

இந்தக் கதையைப் பெருமைக்காகச் சொல்கிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அவர் சினிமாவுக்கு வந்தது கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து. இசைத்தட்டு வியாபாரம் என்பதே உரிமை வியாபாரம். அதனால் உரிமையின் மதிப்பு அவருக்குத் தெரியும். ‘நாம் இருவர்’ ஏற்கெனவே மேடையில் ஓடிய நாடகத்தின் உரிமையை வாங்கி எடுத்த படம். பாரதியார் பாடல்களின் ஒலி உரிமையும் அப்போது அவரிடம் இருந்தது, அந்தப் பாடல்கள் படத்தைத் தூக்கி நிறுத்தின. 1943-ல் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை மறுபடி எடுக்காமல் தமிழில் டப் செய்து மறுபடி விற்றார், ஒரே செலவில் இரண்டு சந்தை. ஸ்டுடியோ கட்டடத்தைவிட இந்த அறிவுதான் அந்த நிறுவனத்தை நிலைக்க வைத்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு காரைக்குடிக்காரர் இராம. நாராயணன். பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். நட்சத்திரச் சம்பளத்தைத் தவிர்த்து, யானை, குரங்கு, பாம்பை வைத்துக் கதை செய்து, குறித்த செலவில் குறித்த நாளில் முடித்தவர். அவர் படங்கள் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. செலவு தன் கையை மீறாமல் பார்த்துக்கொண்ட முறையைச் சுயாதீனப் படக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஓடிடி காப்பாற்றாதா?

2020, 2021-ல் தியேட்டர்கள் மூடியிருந்தபோது ஓடிடி நிறுவனங்கள் படங்களை நேரடியாக வாங்கின. அந்த விலையை மனத்தில் வைத்துப் பலர் இன்னும் பட்ஜெட் போடுகிறார்கள். நிலைமை மாறிவிட்டது. முதலில் தியேட்டரில் வெளியிடுங்கள், வசூலைப் பார்த்து விலை சொல்கிறோம் என்கிறார்கள். சிறிய படங்களுக்குப் பெரும்பாலும் மொத்த விலையே கிடையாது. பார்க்கும் நேரத்தைப் பொறுத்துப் பங்கு.

விருது கிடைத்தால் கதவு திறக்கும் என்பதும் பாதி உண்மைதான். நமக்குப் பக்கத்து மேலூர் மண்ணிலிருந்து வந்த ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது, இந்தியாவின் ஆஸ்கார் பரிந்துரையாகவும் போனது. நம் மக்கள் அதை ஓடிடியில் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில். இரண்டரை ஆண்டுக்கு மேல். அந்தப் படத்துக்குப் பெயர் தெரிந்த தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவாவது இருந்தது. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியவர் அவ்வளவு காலம் தாங்க மாட்டார்.

இங்கிருந்து எடுக்க நினைப்பவருக்கு

1. வட்டியை முதல் வரியிலேயே எழுதுங்கள். வெளியீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் படத்தை முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் கதையைச் சுருக்குங்கள், கடனைக் கூட்டாதீர்கள்.

2. வட்டிக் கடனுக்குப் பதில் பங்குப் பணம் தேடுங்கள். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் குழு மக்களிடம் நன்கொடை திரட்டி 1986-ல் ‘அம்மா அறியான்’ எடுத்தது. கன்னடத்தில் 2013-ல் வந்த ‘லூசியா’ ரசிகர்கள் போட்ட பணத்தில் உருவானது. பத்துப் பேர் பங்கு போட்டால், யாருக்கு எந்த வரிசையில் பணம் திரும்பும் என்பதைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். உறவுக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பாக எழுத வேண்டும்.

3. எல்லா உரிமையையும் ஒரே தாளில், காலவரையில்லாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். தியேட்டர், டி.வி., ஓடிடி, இசை, இந்தி டப்பிங், ரீமேக், வெளிநாடு ஒவ்வொன்றும் தனி. பணக்கஷ்டத்தில் முதலில் பறிபோவது ரீமேக்கும் டப்பிங்கும்தான். பத்தாண்டு கழித்துப் படத்துக்கு மதிப்பு வருவதும் பெரும்பாலும் அவற்றால்தான்.

4. மலேசியா, சிங்கப்பூர் உரிமையை உள்நாட்டு விநியோகஸ்தரோடு சேர்த்துக் கட்டிவிடாமல் தனியாகப் பேசுங்கள். செட்டிநாட்டுக் கதைக்கு அங்கே உறவும் ஊர்நினைவும் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன.

5. தமிழ்நாடு முழுக்க 80 தியேட்டரில் ஒரே நாளில் இறங்குவதைவிட, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி, புதுக்கோட்டை என்று ஐந்தாறு திரைகளில், இரண்டு ஏரியாவுக்கும் ஒரே கமிஷன் ஆளை வைத்துத் தொடங்கலாம். நேரத்தையும் இந்த ஊர் நாட்காட்டியிலிருந்து எடுங்கள். பொங்கலும் தீபாவளியும் பெரிய நட்சத்திரங்களுக்கு. வெளியூரில் இருப்பவர்கள் கல்யாணத்துக்கும், கொப்புடையம்மன் கோவில் செவ்வாய்த் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு ஊருக்கு வரும் வாரங்கள் பெரிய படம் எதுவும் குறிவைக்காத வாரங்களாக இருக்கலாம். தியேட்டர்காரரிடம் அந்த வாரங்களுக்கு மாலைக் காட்சி கேட்டுப் பேசுங்கள். 11 மணிக் காட்சிக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்.